இரண்டு சுழி

ரோஸ்மேரி டீச்சருக்கு உலகத்தில் பிடிக்காத விஷயங்கள் ஏராளம். அவற்றில் முதல் இடம், அவள் பெற்ற ஒரே மகளின் தலைமுடிக்கு.

பாத்திமாவின் முடி சுருட்டையும் இல்லை, கோரையும் இல்லை. இரண்டுக்கும் நடுவே நெளிநெளியாக இறங்கும். காற்றில் கொஞ்சம் ஈரம் இருந்துவிட்டால் போதும், ஒவ்வொரு இழையும் தனிக்குடித்தனம் கேட்டுக் கிளம்பிவிடும். அது அருள்நாதன் வீட்டு முடி என்பது டீச்சரின் தீர்ப்பு. புருஷன் அருள்நாதனின் தலையில் சாட்சி சொல்லக்கூட ஒரு முடி மிச்சமில்லாததால் அவர் அப்பீலுக்குப் போகவில்லை. பாத்திமா பள்ளிக்கூடம் போன காலம் முழுக்க, தினமும் காலையில் டீச்சர் அவளைக் கால்களுக்கு நடுவே இடுக்கி உட்காரவைத்து, காய்ந்த முடியை நெருக்கப்பல் சீப்பால் உச்சியிலிருந்து இழுப்பாள். சிக்கு விழுந்த இடத்தில் சீப்பு நிற்கும், கை நிற்காது. பிறகு உள்ளங்கை நிறைய எண்ணெய். புருவம் மேலே ஏறிக்கொள்ளும் அளவுக்கு இறுக்கி இரட்டைச் சடை. வாசலில் யார் வந்து நின்றாலும், "உக்காருங்க, இந்தப் பரட்டைக்குச் சடை போட்டுட்டு வாரேன்," என்பாள். மகளுக்கு ஞானஸ்நானத்தில் பாத்திமா மாதாவின் பெயரை வைத்ததே அந்த நேரத்தில் அவளுக்கு மறந்துபோகும்.

படித்துப் பெரியவளாகி, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலைக்குப் போன பிறகும் பாத்திமா வீட்டில் பரட்டைதான். அந்தப் பரட்டைதான் அவளுக்கு நேர்ந்த கெட்டதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

மூன்று வருடங்களுக்கு முன்னால் மதுரைப் பையன் ஒருவனோடு அவளுக்கு நிச்சயமானது. கத்தோலிக்க வேதக்காரர்கள் வீட்டில் கல்யாணம் என்றால் முதலில் கோயிலில் ஓலை படிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் எல்லோர் காதிலும் விழும்படி வாசிப்பார்கள். பாத்திமாவுக்கு இரண்டு ஓலை படித்தார்கள். மூன்றாவது ஞாயிறு வருவதற்குள் மாப்பிள்ளை தன்னோடு வேலை பார்த்த பெண்ணைப் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டு பெங்களூருக்குப் போய்விட்டான். தப்பு செய்தவன் அவன். ஆனால் ஊர்க்கண்ணுக்கு ஓடிப்போனவன் முதுகு தெரியாது, நின்றுபோனவள் முகம்தான் தெரியும். டீச்சர் ஊரையும் முந்திக்கொண்டாள்.

"நிச்சயத்தன்னைக்கு ஃபேன் காத்துல உன் தலை எப்படி நின்னுச்சுன்னு போட்டோவுல பாரு. எவன்தான் ஓட மாட்டான்?" என்றாள்.

வீட்டை மாற்றி நாகல் நகருக்கு வந்தார்கள். வீட்டோடு கோயிலும் மாறியது. அந்த இரண்டு ஓலையைப் பற்றி இனி யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று டீச்சர் உத்தரவு போட்டாள். உத்தரவு போட்டவள் மட்டும் வாரம் தவறாமல் அதை எடுத்துக் குத்திக்கொண்டிருந்தாள்.

அந்த வருடம்தான் பாத்திமா தன் முடியோடு சமாதானமானாள். செல்போனில் எங்கோ இருந்த ஒரு பெண் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். நெளிமுடியைக் காய்ந்திருக்கும்போது சீவவே கூடாது. ஈரத்தோடு, கண்டிஷனர் வழுவழுப்போடு, அகலப்பல் சீப்பை வைத்து நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே வர வேண்டும். துண்டால் அடித்துத் துவட்டக் கூடாது. பழைய பனியன் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஆளிவிதையைக் கொதிக்கவைத்து, கொழகொழவென்று வருவதை வடிகட்டி, தலையைக் குனிந்து, முடியைக் கீழிருந்து மேலாகக் கைக்குள் அள்ளி அள்ளிக் கசக்கிவிட்டு, காய்கிறவரை தொடாமல் இருக்க வேண்டும். ரோஸ்மேரி என்ற மூலிகையை ஊறவைத்த தண்ணீரைத் தெளித்தால் முடிக்கு ரொம்ப நல்லது என்று அந்தப் பெண் சொன்னபோது மட்டும் பாத்திமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வீட்டில் ரோஸ்மேரியால் முடிக்கு நல்லது நடந்ததாகச் சரித்திரமே இல்லை.

சில மாதங்களில் முடி சொன்ன பேச்சைக் கேட்கத் தொடங்கியது. தோளுக்குக் கீழே அலை அலையாக விழுந்தது. உச்சியில் மட்டும், எந்தப் பக்கம் வகிடு எடுத்தாலும் ஒரு கொத்து விறைத்து எழுந்து நின்றது. கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, கையில் இன்னொரு கண்ணாடியைப் பிடித்துப் பார்த்து, ஏன் என்று அவளே கண்டுபிடித்தாள். உச்சியில் அவளுக்கு இரண்டு சுழி. ரெட்டைச் சுழிக்கு ரெண்டு கல்யாணம் என்று நம் பக்கத்தில் எல்லா மதத்தாரும் சொல்வார்கள். ஒன்றுக்கே வழியைக் காணோம் என்று பாத்திமா நினைத்துக்கொண்டாள். வகிட்டைக் கோணலாக எடுத்து நெளியை மேலே விழவிட்டதும் இரண்டு சுழியும் மறைந்துபோயின. அதற்கு மேல் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வடமதுரையில் விதைக்கடையும் உரக்கடையும் வைத்திருந்த அமலன், தன் அம்மாவுக்குக் கண் பார்க்கக் கூட்டிக்கொண்டு பாத்திமா வேலை பார்த்த கண்ணாடிக் கடைக்கு வந்தான். அம்மாவுக்குப் பார்வை தெளிந்தது; பிள்ளைக்கு இருந்த பார்வையும் போனது. அதன் பிறகு அந்த அம்மாவின் கண்ணாடியில் வாரத்துக்கு ஒரு தடவை திருகு கழன்றது. கழன்ற திருகை மாட்டிக்கொடுக்க பாத்திமாவுக்கும் அலுக்கவில்லை.

"உங்க முடி இயல்பாவே இப்படியா, இல்ல பார்லர்ல பண்ணதா?" என்று ஒரு நாள் கேட்டான்.

"பிறந்ததுல இருந்தே இப்படித்தான்," என்றாள், திட்டு வாங்கத் தயாராகிற குரலில்.

"நல்லா இருக்கு," என்றான் அவன்.

அந்த வார்த்தையை அவள் தலை அதுவரை கேட்டதில்லை. அன்று சாயந்தரம்வரை அவள் யாருக்கும் ஒழுங்காகக் கண் பார்க்கவில்லை.

பேச்சு போனுக்குப் போனது. தான் கல்லூரியில் ஒருத்தியை விரும்பியதையும் அது கைகூடாததையும் அமலன் ஒளிக்காமல் எழுதினான். உங்களுக்கு இதற்கு முன்னால் ஏதும் பேசி வைத்திருந்தார்களா என்று கேட்டான். பாத்திமா நடந்ததையெல்லாம் நீளமாக எழுதினாள். அழித்தாள். "இல்ல" என்று மட்டும் அனுப்பினாள். அனுப்பிய நிமிடத்திலேயே இந்த ஆள்தான் வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு பொய்யின் மேல் உட்கார்ந்து இவனைக் கட்டிக்கொள்ள முடியாது என்பதும் தெரிந்துவிட்டது. பழகியது பாத்திமா வீட்டுக்குத் தெரியாமல், தெரிந்தவர் ஒருவர் மூலம் அமலன் பெண் கேட்கவைத்தான். வீட்டார் பேசி, பெண் பார்க்க வருவது என்று முடிவானதும் அவளும் ஒரு முடிவுக்கு வந்தாள். அன்று இரண்டு பேரையும் தனியாகப் பேசச் சொல்வார்கள். அப்போது முகத்தைப் பார்த்துத் தன் வாயாலேயே சொல்லிவிடுவது. தன் வாயால் சொன்னால் அவன் பொறுத்துக்கொள்வான் என்று நம்பினாள்.

இதை டீச்சரிடம் சொன்னதுதான் மடத்தனம்.

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தப் பண்ணுன்னு சொல்லிருக்காங்க," என்றாள் டீச்சர். "நான் ஒண்ணே ஒண்ணுதான் சொல்லச் சொல்றேன். அதையும் நீ சொல்ல வேணாம், வாய மூடிட்டு இருந்தாப் போதும். மூணாவது ஓலை படிச்சு முடியட்டும். அப்புறம் அவன் கால்ல விழுந்து சொல்லு, கையில விழுந்து சொல்லு."

"அதுக்குள்ள வேற யாராவது சொல்லிட்டா என்னம்மா பண்றது?"

"எவ சொல்லுவா? சொல்றவ நல்லா இருக்க மாட்டா." டீச்சர் மகளின் தலையைப் பார்த்தாள். "அப்புறம், இந்தப் பரட்டையோட வந்து நிக்காத. ஒருத்தன் ஓடினது போதும்."

அவனுக்குப் பிடித்ததே இந்த முடிதான் என்று சொல்ல பாத்திமாவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் எங்கே பார்த்தான், எத்தனை நாளாக என்று குறுக்கு விசாரணை கிளம்பும். பேசாமல் அம்மாவின் பின்னால் போனாள்.

நாகல் நகரிலேயே சுகன்யா என்ற பெண் பார்லர் வைத்திருந்தாள். அவள் பாத்திமாவின் முடியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் தயங்கினாள்.

"இம்புட்டு நல்ல நெளி. இத எதுக்கு டீச்சர் நேராக்கணும்? மருந்து போட்டுட்டா திரும்பப் பழையபடி வராது. புதுசா வளந்தாத்தான்."

"உன்கிட்ட யோசனை கேட்டனா? நேராக்கு," என்றாள் டீச்சர். நாற்காலியை இழுத்துப்போட்டு, பரீட்சை ஹாலில் உட்காருகிற மாதிரி பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

மருந்தின் நெடி மூக்கை அறுத்தது. கண்ணில் தண்ணீராக ஊற்றியது. மருந்தை அலசிவிட்டுச் சூட்டுக்கோலால் கற்றை கற்றையாக இழுக்க இழுக்க, பாத்திமா பொறுமையாக வளர்த்த அலைகள் புகைந்துகொண்டே படுத்தன. கடைசியில் கண்ணாடியில் தெரிந்த பெண்ணின் தலை, மழையில் நனைந்த காக்கையின் தலை மாதிரி மண்டையோடு ஒட்டிக் கிடந்தது. அவளுக்கு ஓவென்று அழ வேண்டும் போலிருந்தது.

டீச்சருக்கோ பூரிப்பு. "இப்பத்தான் பொம்பளப் பிள்ள மாதிரி இருக்க," என்று உச்சி முதல் நுனிவரை ஒரு தரம் தடவிக்கொடுத்தாள். நினைவு தெரிந்த நாளாக அம்மா அவள் தலையை அப்படித் தொட்டதில்லை. அந்த ஒரு தடவலுக்காக, செய்தது சரிதானோ என்றுகூட பாத்திமாவுக்கு ஒரு நிமிடம் தோன்றியது. பாவம், பாசத்துக்குக் காய்ந்து கிடந்தவள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அமலன், அவன் அம்மா ஞானம்மாள், அப்பாவோடு பிறந்த அத்தை லூர்தம்மாள், மூன்றே பேர். பாத்திமா வெளியே வந்ததும் அமலனின் கண் அவள் முகத்துக்கு வருமுன் தலைக்குப் போனது. எதையோ தொலைத்த இடத்தில் தேடுகிற பார்வை. பிறகு சுதாரித்துக்கொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் போதுமாக இருந்தது.

ஞானம்மாள் அளந்து பேசுகிறவள். லூர்தம்மாள் அதற்கும் சேர்த்துப் பேசுகிறவள். அருள்நாதனின் சர்க்கரை வியாதியை விசாரித்தாள், வீட்டு வாடகையை விசாரித்தாள், சிறுமலை வாழைப்பழம் இப்போதெல்லாம் முன்போல இல்லை என்று வருத்தப்பட்டாள். "பிள்ளைக ரெண்டும் மொட்டைமாடியில போய்ச் செத்த நேரம் பேசிட்டு வரட்டும். நம்ம மூஞ்சியவே பாத்துட்டு இருக்கவா வந்தான் அவன்?" என்று அவளே சொன்னாள். பாத்திமா, மாடிக்குப் போனதும் முதல் வாக்கியத்தை எப்படித் தொடங்குவது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"இரு ஆத்தா, போறதுக்கு முன்னாடி பூவ வச்சு விடுறேன்," என்று லூர்தம்மாள் மல்லிகைச் சரத்தை எடுத்தாள்.

பூ நிற்கவில்லை. நேராக்கிய முடியில் பிடிமானம் ஏது? ஊசியும் சரமும் சேர்ந்து வழுக்கிக்கொண்டு முதுகில் விழுந்தன. "என்னத்தா இது, விளக்கெண்ணெய் தடவுன மாதிரி வழுக்குது," என்று சிரித்தபடி லூர்தம்மாள் இன்னும் மேலே, உச்சிப் பக்கம் ஊசியைக் கொண்டுபோனாள். படிந்து கிடந்த முடியில் உச்சி பளிச்சென்று தெரிந்தது. அடுக்களையிலிருந்து டீச்சர் முறுக்கும் கேசரியும் வைத்த தட்டோடு வெளியே வந்தது அந்த நேரத்தில்தான்.

"அடியாத்தி, ரெண்டுல்ல இருக்கு," என்றாள் லூர்தம்மாள், வீடு அதிரச் சிரித்துக்கொண்டே. "டீச்சரு, ரெண்டுன்னு ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே. இப்படி மறைச்சுப்புட்டீகளே."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். டீச்சரின் நெஞ்சு குறுகுறுப்பதோடு நிற்கவில்லை. தட்டு ஆடியது. ஒரு முறுக்கு கீழே உருண்டது.

"அது ரெண்டு ஓலையோட நின்னு போச்சுங்க," என்றாள்.

"அம்மா," என்றாள் பாத்திமா.

"நீ சும்மா இரு. மூணாவது ஓலை படிக்கவே இல்லைங்க. தாலி கட்டல, ஒண்ணும் இல்ல. அந்த மதுரைப் பையன்தான் வேற ஒருத்தியோட போயிட்டான். எங்க பிள்ள மேல ஒரு தப்பும் கிடையாது. கல்யாணம் முடியவும் நாங்களே சொல்லலாம்னுதான் இருந்தோம்."

லூர்தம்மாளின் கை பூவோடு அப்படியே நின்றது. அவள் சிரிப்பு வாயில் பாதியிலேயே செத்துப்போனது.

"என்ன ஓலை, டீச்சர்?" என்று கேட்டாள் ஞானம்மாள், மெதுவாக.

டீச்சர் அதை நடிப்பு என்று எடுத்துக்கொண்டாள். "தெரியாத மாதிரி கேக்காதீங்க. உங்களுக்கு யார் போட்டுக் கொடுத்தாங்கன்னு மட்டும் சொல்லுங்க."

அமலன் பாத்திமாவைப் பார்த்தான். "அன்னைக்கு நான் கேட்டப்ப இல்லன்னு சொன்னீங்களே," என்றான்.

"இன்னைக்கு உங்ககிட்டச் சொல்லணும்னு இருந்தேன்," என்றாள் அவள். சத்தியமான வார்த்தை. ஆனால் அகப்பட்டுக்கொண்ட எல்லோரும் சொல்கிற வார்த்தையும் அதுதான். அவள் காதுக்கே அது பொய்யாகக் கேட்டது.

காபியைத் தொடாமல் எழுந்தார்கள். வாசலில் செருப்பை மாட்டும்போது லூர்தம்மாள் மட்டும் பாத்திமாவின் கன்னத்தைத் தொட்டாள். "எங்க அண்ணனுக்கும் ரெட்டைச் சுழிதான் ஆத்தா. சாகுறவரைக்கும் இந்த ஞானத்தோடதான் குடும்பம் நடத்துனாரு. நான் கேலிக்குத்தான் சொன்னேன்," என்று அவள் காதில் மட்டும் விழச் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

உள்ளே விசாரணை தொடங்கியிருந்தது. யார் சொன்னது? டீச்சர் முதலில் பழைய கோயிலின் உபதேசியார் மனைவியைச் சந்தேகப்பட்டாள். பிறகு சுகன்யாவை. கடைசியில், எப்போதும்போல, கைக்கு எட்டிய தூரத்தில் இருந்த புருஷனிடம் வந்தாள்.

"டீக்கடையில உக்காந்து நீங்கதான் உளறிருக்கணும். அந்த வாய்க்கு என்னைக்குப் பூட்டு இருந்துச்சு?"

"நான் யார்கிட்டயும் சொல்லல, ரோஸு."

"திரு இருதய ஆண்டவர் படத்துல கைய வச்சுச் சொல்லுங்க."

அருள்நாதன் எழுந்துபோய்ப் படத்தில் கை வைத்தார். கை நடுங்கியது. "பாருங்க, நடுங்குது," என்றாள் டீச்சர். சர்க்கரை இறங்கினால் அவர் கை எப்போதும் நடுங்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

பாத்திமாவின் போன் அடித்தது. அமலன். அவள் மாடிக்கு ஓடினாள்.

"ஓலை நின்னதுல எனக்கு ஒண்ணுமே இல்லைங்க," என்றான் அவன். "ஓடினவன் ஓடினான், நீங்க என்ன பண்ணுவீங்க? ஆனா எங்க அம்மா வேணாம்னு நிக்கிறாங்க. அன்னைக்கே நீங்க சொல்லிருந்தா, எனக்கு எல்லாம் தெரியும்மான்னு சொல்லிச் சண்டை போட்டிருப்பேன். இப்ப எதைச் சொல்லிச் சண்டை போட?"

"இன்னைக்குச் சொல்லத்தான் இருந்தேன். சத்தியமா."

"இருக்கலாம்," என்றான்.

அந்த 'இருக்கலாம்' அவளை அறுத்துப் போட்டது. அவன் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். பிறகு அவன், "முடிய ஏன் இப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டான். அவள் நேராகிக் கிடந்த முடியின் நுனியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "சரி, வச்சிடுறேன்," என்று வைத்துவிட்டான். இனி அந்தக் கண்ணாடியில் திருகு கழலாது என்று அவளுக்குத் தெரிந்தது.

கீழே வந்தபோது அருள்நாதன் இன்னும் படத்துக்கு அடியிலேயே நின்றுகொண்டிருந்தார். டீச்சர் இன்னும் திட்டிக்கொண்டிருந்தாள். பாத்திமாவிடம் ஒரே ஒரு ஆயுதம்தான் மிச்சமிருந்தது. அதை எடுக்காமலே விட்டிருக்கலாம். ஆனால் அம்மா துடிப்பதை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்று அவளுக்கு வெறியாக இருந்தது. அதை மறைப்பானேன்?

"அப்பாவ விடுங்கம்மா. யாரும் சொல்லல," என்றாள். குரலை உயர்த்தவில்லை. "அந்த அத்தை ரெண்டுன்னு சொன்னது என் தலைச் சுழிய. பூ வைக்கும்போது ரெட்டைச் சுழியப் பாத்துட்டுக் கேலி பண்ணாங்க. உங்களுக்குத்தான் அது ஓலைன்னு கேட்டுச்சு. அவங்க யாருக்கும் ஒண்ணும் தெரியாது. சொன்னது நீங்க."

அருள்நாதன் படத்திலிருந்து கையை எடுத்தார்.

"முறுக்குத் தட்ட வச்சிட்டு நீங்க பேசாம உள்ள போயிருந்தா, நான் மாடியில அவர்கிட்டச் சொல்லி முடிச்சிருப்பேன். அவர் எனக்காகச் சண்டை போட்டிருப்பார்."

"எந்தச் சுழி?" என்றாள் டீச்சர்.

"இத்தன வருசம் நீங்கதான எனக்குத் தலை சீவுனீங்க. ஒரு நாள்கூடப் பாத்ததில்லையா?"

டீச்சரின் முகம் ஒரு கணம் உடைந்தது. அழப்போகிறாள் என்று பாத்திமா நினைத்தாள். அழட்டும் என்று காத்திருந்தாள். டீச்சர் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தாள். மகளை டியூப்லைட்டுக்கு அடியில் இழுத்து நிறுத்தி, பிடரியில் கை வைத்துக் குனியவைத்து, உச்சி முடியை இரண்டு விரலால் பிரித்தாள். நிதானமாகப் பார்த்தாள்.

"ஆமா. ரெண்டுதான்," என்றாள். இவ்வளவு நேரம் பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டாள். "அப்ப நான் சொன்னதுனால ஒண்ணும் கெட்டுப்போகல. ரெட்டைச் சுழிக்காரிக்கு எதுதான் நிலைக்கும்? நான் வாயத் திறந்திருந்தாலும் திறக்காட்டியும் இது நின்னுதான் போயிருக்கும்."

"அந்த அத்தையோட அண்ணனுக்கும் ரெட்டைச் சுழியாம். கடைசிவரைக்கும் ஒரே குடும்பம்தானாம்," என்றாள் பாத்திமா, குனிந்தபடியே.

"அது ஆம்பளத் தலை," என்று சொல்லிவிட்டு டீச்சர் கையை எடுத்தாள். ஆறிப்போன காபியைச் சூடுபண்ணிப் புருஷனுக்கு ஒரு தம்ளர் கொடுத்தாள், தானும் குடித்தாள். அன்று அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.